வேரடியில் ஓர் உரத் தொழிற்சாலை

"மெக்கானிக்கல் படிக்கிற ஆளு, லேத்தைப் பத்தியோ பாய்லரைப் பத்தியோ எழுதுவேன்னு பார்த்தா, மண்ணு, பாக்டீரியான்னு கிளம்பிட்டியே" என்று மலர்க் குழுவில் இருக்கும் இறுதியாண்டு அண்ணன் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். நீராவியும் பிரஷர் கேஜும் இந்தக் கட்டுரையிலும் வருகின்றன. அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு போட்டுவிடுவோம்.

காற்றழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1.033 கிலோ என்று முதலாண்டிலேயே படித்துவிட்டோம். அதாவது ஒரு சதுர சென்டிமீட்டர் தரைக்கு மேலே நிற்கும் காற்றின் எடை ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம். ஓர் ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். பெருக்கிப் பாருங்கள். ஏறக்குறைய 41,800 டன் காற்று வருகிறது. காற்றில் நைட்ரஜன் கன அளவில் 78 சதவீதம், எடையில் 75 சதவீதத்துக்குச் சற்று மேல். ஆகவே ஒரே ஓர் ஏக்கர் கொல்லை வைத்திருக்கும் ஏழை விவசாயியின் தலைக்கு மேலே 31,000 டன்னுக்கும் அதிகமான நைட்ரஜன் நிற்கிறது! அதே விவசாயிதான் யூரியா மூட்டைக்காகக் கடை வாசலில் காத்து நிற்கிறார். ஒரு மூட்டை 45 கிலோ. யூரியாவில் நைட்ரஜன் 46 சதவீதம். ஆக, காசு கொடுத்து அவர் தலையில் தூக்கிக்கொண்டு வருவது 20.7 கிலோ நைட்ரஜன்.

தலைக்கு மேலே மலை போல இருப்பதை விட்டுவிட்டு ஏன் கடைக்குப் போக வேண்டும்? காற்றில் நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக, மூன்று பிணைப்புகளால் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பிடியை எந்தப் பயிராலும் தானாக அவிழ்க்க முடியாது. பிடியை அவிழ்த்து ஹைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியாவாக்கிக் கொடுத்தால்தான் அது பயிருக்குச் சத்து.

மனிதன் இதைச் செய்யக் கற்றுக்கொண்டது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஹேபர் 1909இல் ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டினார். கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவந்தார். 1913இல் ஓப்பாவ் என்ற ஊரில் முதல் ஆலை ஓடத் தொடங்கியது. சுமார் 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வெப்பம், 200 மடங்கு காற்றழுத்தம். அந்த அழுத்தத்தில் ஹைட்ரஜன் இரும்புக்குள்ளேயே புகுந்து, அதிலிருக்கும் கார்பனைத் தின்று, கலனை வெடிக்க வைத்தது. மென்மையான இரும்பால் உள் உறை போட்டு போஷ் அதைச் சமாளித்தார் என்பது நம் துறைக்காரர்கள் பெருமைப்பட வேண்டிய விஷயம். நம் மணலி, தூத்துக்குடி யூரியா ஆலைகளும் அந்த வழியில் வந்தவைதான்.

இத்தனை வெப்பமும் அழுத்தமும் இல்லாமல், 30 டிகிரி மண்ணில், சத்தமே போடாமல் இதே வேலையைச் செய்கிற உயிர்கள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள். இவற்றை வளர்த்துப் பாக்கெட்டில் அடைத்துக் கொடுப்பதைத்தான் உயிர் உரம் என்கிறோம். என் கட்டுரை அந்தப் பாக்கெட்டைப் பற்றியது.

முடிச்சுக்குள் நடப்பது என்ன?

எங்கள் பக்கம் திண்டிவனம் வட்டாரம். நிலக்கடலையை நாங்கள் மல்லாட்டை என்போம். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர் என்னைத் தவிர யாரும் கிடையாது. ஒன்றரை ஏக்கர் கொல்லையில் விளையும் மல்லாட்டைதான் என் செமஸ்டர் ஃபீஸ். ஆகவே உதாரணத்துக்கு வேறு பயிரைத் தேடிப் போகவில்லை.

மல்லாட்டைச் செடியை 40ஆம் நாள் வேர் அறுபடாமல் மண்ணோடு தோண்டி, தண்ணீரில் அலசிப் பார்த்தால், வேரில் கடுகு போலச் சின்னச் சின்ன உருண்டைகள் தெரியும். சிலர் இதை வேர்ப்புழு நோய் என்று நினைத்துப் பயப்படுவது உண்டு. நூற்புழு தாக்கினால் வேரே வீங்கிக் கொழுக்கும், தனியே உரிக்க வராது. இந்த முடிச்சுகளோ வேரின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும், நகத்தால் தட்டினால் உதிரும். ஒரு முடிச்சை பிளேடால் இரண்டாக வெட்டுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக, இரத்தம் தோய்ந்தது போல் இருந்தால் ஆலை ஓடுகிறது என்று அர்த்தம். வெள்ளையாக இருந்தால் வேலை இன்னும் தொடங்கவில்லை, அல்லது உள்ளே இருக்கும் பாக்டீரியா உபயோகமற்றது. பச்சையாகிவிட்டால் வேலை முடிந்து ஓய்ந்துபோன முடிச்சு.

உள்ளே குடியிருப்பது ரைசோபியம் இனத்தைச் சேர்ந்த பாக்டீரியா. பயறு வகைச் செடியின் வேர் சில வேதிப் பொருள்களைக் கசிய விடுகிறது. அது ஒரு அழைப்பு மாதிரி. பாக்டீரியா அதை உணர்ந்து தன் பங்குக்கு ஒரு பொருளை வெளியிட்டுப் பதில் சொல்கிறது. இரண்டும் பொருந்தினால்தான் கதவு திறக்கும். பல செடிகளில் வேர்த்தூவி சுருண்டு, அதன் வழியாக பாக்டீரியா உள்ளே நுழையும். மல்லாட்டையிலோ பக்க வேர் கிளைத்து வெளிவரும் இடத்தில் ஏற்படும் விரிசல் வழியாக நுழைகிறது. எந்தச் செடிக்கு எந்த ரைசோபியம் என்பதிலும் பொருத்தம் உண்டு. தட்டைப்பயறு வகையறாவோடு ஒத்துப்போவது மல்லாட்டைக்கும் ஒத்துப்போகும். சோயா மொச்சைக்கு வேண்டியது வேறு. பாக்கெட்டின் மேல் பயிரின் பெயர் அச்சிட்டிருப்பது அதனால்தான். "எல்லாம் ஒரே கருப்புத் தூள்தானே" என்று எதையாவது வாங்கி வரக்கூடாது.

நைட்ரஜன் பிணைப்பை அவிழ்ப்பது நைட்ரோஜினேஸ் என்ற நொதி. இரும்பும் மாலிப்டினமும் அதற்குள் இருக்கின்றன. இந்த நொதிக்கு ஆக்சிஜன் பட்டால் ஆகாது, கெட்டுவிடும். ஆனால் பாக்டீரியா உயிர் வாழ ஆக்சிஜன் வேண்டும். என்ன செய்வது? செடி ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறது. நம் இரத்தத்தில் ஹீமோகுளோபின் இருக்கிறதல்லவா, அதே குடும்பத்தைச் சேர்ந்த லெக்ஹீமோகுளோபின் என்ற பொருள் முடிச்சுக்குள் நிறைந்திருக்கிறது. அது ஆக்சிஜனைப் பிடித்து, தேவைக்கு மட்டும் அளந்து கொடுக்கிறது. அந்தச் சிவப்பு நிறம் அதனுடையதுதான். நம்முடைய ரெகுலேட்டர் வால்வு செய்கிற வேலை!

இது இலவசச் சேவை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு நைட்ரஜன் மூலக்கூறை அவிழ்க்க 16 ஏ.டி.பி. மூலக்கூறுகள் செலவாகின்றன. ஏ.டி.பி. என்பது உயிர்களின் எரிபொருள். அந்த எரிபொருளுக்கான சர்க்கரையை இலையில் தயாரித்துக் கொடுப்பது செடி. சாப்பாடு போட்டுத்தான் வேலை வாங்குகிறது. ஆகவே மண்ணில் யூரியா தாராளமாகக் கிடைத்தால் செடி முடிச்சுகளை வளர்ப்பதையே குறைத்துக்கொள்ளும். "மருந்தும் போட்டேன், யூரியாவும் ரெண்டு மூட்டை அடிச்சேன், ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே" என்று சொல்பவர்களுக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

வரலாறு சுருக்கமாக: பயறுச் செடியின் வேர் முடிச்சே காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கிறது என்பதை ஜெர்மனியில் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இருவர் 1886 முதல் 1888 வரை நிரூபித்தார்கள். 1888இல் டச்சுக்காரரான பெய்ஜரிங்க் அந்த பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். எட்டே ஆண்டுகளில், 1896இல், நைட்ரஜின் என்ற பெயரில் அது விற்பனைக்கே வந்துவிட்டது. இதையெல்லாம் அறியாமலேயே நம் ஊர்களில் நெல்லுக்கு முன் கொழுஞ்சியும் தக்கைப்பூண்டும் விதைத்து மடக்கி உழுதார்கள், நெல் தரிசில் உளுந்து தெளித்தார்கள். பாக்டீரியாவைப் பார்த்ததில்லையே தவிர, அதன் வேலையைப் பார்த்தவர்கள்.

மற்ற மூன்று பேர்

நெல், கரும்பு, கம்பு போன்றவற்றுக்கு முடிச்சு கிடையாது. அவற்றின் வேரைச் சுற்றியும் வேரின் மேல் திசுக்களிலும் வாழ்வது அசோஸ்பைரில்லம். இதை உலகம் கவனிக்க வைத்தவர் பிரேசில் நாட்டில் பணியாற்றிய யொஹானா டோபரைனர் என்ற அம்மையார். 1924இல் செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்து, போருக்குப் பின் பிரேசிலில் குடியேறியவர். சோயாவுக்கு நைட்ரஜன் உரத்தை நம்பாமல் பாக்டீரியாவை நம்பலாம் என்று வாதாடியவர்களில் முக்கியமானவர். பிரேசில் சோயா விவசாயிகள் இன்றும் உரச் செலவில் பெருந்தொகை மிச்சம் பிடிப்பதற்கு அவர் உழைப்பும் ஒரு காரணம். 2000ஆம் ஆண்டு மறைந்தார்.

அசோஸ்பைரில்லம் நைட்ரஜனைப் பிடிக்கிறது என்பது உண்மை. ஆனால் அதைவிட முக்கியமாக, வேரை வளர்க்கும் ஊக்கியைச் சுரக்கிறது என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. வேர்த்தூவிகள் பெருகினால் மண்ணில் இருக்கும் தண்ணீரையும் சத்தையும் பயிர் அதிகமாக எடுத்துக்கொள்ளும். எனவே இதைப் போட்டுவிட்டு யூரியாவை அடியோடு நிறுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தழைச்சத்தில் கால் பங்கு வரை குறைக்கலாம் என்பதுதான் பொதுவான பரிந்துரை. கால் பங்கு என்பதும் சின்ன விஷயமில்லை.

அடுத்தது பாஸ்போபாக்டீரியா. நாம் போடும் மணிச்சத்தில் பெரும்பகுதி மண்ணில் உள்ள சுண்ணாம்பு, இரும்பு, அலுமினியம் இவற்றோடு சேர்ந்து பூட்டிக்கொள்கிறது. பேசில்லஸ் மெகாதீரியம் போன்ற பாக்டீரியாக்கள் கரிம அமிலங்களைச் சுரந்து அந்தப் பூட்டைக் கரைக்கின்றன. புதிதாகச் சத்து எதையும் இவை உண்டாக்குவதில்லை. முடங்கிக் கிடப்பதை எடுத்துக் கொடுப்பது மட்டுமே வேலை. பாஸ்பேட் பாறையைப் பெருமளவு வெளிநாட்டிலிருந்து வாங்கும் நம் நாட்டுக்கு அதுவே பெரிய உதவி.

மூன்றாவது சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ். இது உரத்தைவிட காவல்காரன் என்றே சொல்லலாம். வேரைச் சுற்றியுள்ள இரும்புச் சத்தை முந்திக்கொண்டு பிடித்து வைத்துக்கொள்ளும். வேரழுகல் உண்டாக்கும் பூஞ்சைகள் இரும்பு கிடைக்காமல் திண்டாடும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் தேர்ந்தெடுத்த பி.எஃப்.1 என்ற ரகம் நம் மாநிலத்தில் பெயர் பெற்றது. விதைக்கு ஒரு கிலோவுக்கு 10 கிராம் கலக்கச் சொல்கிறார்கள்.

கரித்தூள் பாக்கெட்

முதன்முதலில் நான் ரைசோபியம் பாக்கெட்டை வீட்டுக்குக் கொண்டு போனபோது அப்பா அதைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "என்னப்பா இது, கரித்தூளைக் காசு குடுத்து வாங்கியாந்திருக்க?" என்றார். பார்வைக்கு அது கரித்தூள்தான். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியை மாவாக அரைத்து, அதன் புளிப்பு போகச் சுண்ணாம்புச் சத்து சேர்த்து, நீராவியில் வேக வைத்து மற்ற கிருமிகளைக் கொன்று, அதில் பாக்டீரியாக் கரைசலை ஊற்றிப் பிசைகிறார்கள். ஈரம் 35 முதல் 40 சதவீதம் வரை இருக்கும்படி பார்த்து, 200 கிராம் பாலித்தீன் பைகளில் அடைக்கிறார்கள். நிலக்கரி வெறும் வாகனம். பாக்டீரியாதான் பயணி.

நான் சொன்ன நீராவி இங்கேதான் வருகிறது. கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் என்பது பெரிய குக்கர். கேஜில் 15 பவுண்ட் அழுத்தம் காட்டினால் உள்ளே 121 டிகிரி என்று எடுத்துக்கொள்கிறோம். ஸ்டீம் டேபிளைப் புரட்டினால் சரியாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு நிபந்தனை. உள்ளே இருப்பது முழுக்க நீராவியாக இருக்க வேண்டும். தொடக்கத்தில் காற்றை வெளியேற்றாமல் வால்வை மூடிவிட்டால், 15 பவுண்டில் ஒரு பங்கு காற்றுடையது, மீதிதான் நீராவியுடையது. கேஜ் 15 காட்டும், வெப்பம் 121 வராது. டால்டன் விதியைப் பரீட்சைக்கு மட்டும் படித்தவர் ஆட்டோகிளேவ் ஓட்டினால், பாக்கெட்டில் ரைசோபியத்தோடு சேர்ந்து வேண்டாத கிருமிகளும் வளர்ந்து, ஆறு மாதத்தில் ரைசோபியத்தையே அமுக்கிவிடும். கடலூர், சேலம், குடுமியான்மலை போன்ற இடங்களில் வேளாண்மைத் துறையின் உயிர் உர மையங்கள் அமைந்துள்ளன. கிருமி நீக்கம், காற்று வடிகட்டி, கலக்கும் எந்திரம், குளிர் அறை என்று அங்கே நடப்பதில் பாதிக்கு மேல் டிப்ளமோக்காரர்கள் செய்யக்கூடிய வேலை.

இனி விதைக்கு வருவோம். ஒரு எக்டேர் மல்லாட்டைக்கு ஏறக்குறைய 125 கிலோ பருப்பு வேண்டும். அதற்கு 3 பாக்கெட் ரைசோபியம், அதாவது 600 கிராம் பரிந்துரை. ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து, விதைமேல் தெளித்து, தோல் உரியாமல் மெதுவாகப் புரட்டி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி, அன்றைக்கே விதைத்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் இது அம்மாவின் வேலை. முறத்தில் வைத்துப் புரட்டுவதில் அவருக்கு இருக்கும் பக்குவம் எந்த டிரம்முக்கும் வராது. பூஞ்சாண மருந்து கலப்பதாக இருந்தால் அதை முதலில் கலந்து, 24 மணி நேரம் கழித்துத்தான் ரைசோபியம். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் மருந்து பாக்டீரியாவையும் சேர்த்து ஒரு கை பார்த்துவிடும். நெல் நாற்றுக்கு முறை வேறு. 5 பாக்கெட் அசோஸ்பைரில்லத்தை 40 லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஒரு எக்டேருக்கான நாற்றின் வேரை 15 முதல் 30 நிமிடம் நனைத்து நடவு செய்ய வேண்டும்.

96,000 எப்படி 96 ஆகிறது?

உயிர் உரங்கள் 2006ஆம் ஆண்டு மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவரப்பட்டன. அதன்படி தூள் வடிவ ரைசோபியத்தில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும். திரவ வடிவில் ஒரு மில்லிக்கு 10 கோடி. இதை வைத்து நாம் ஒரு கணக்கு போடலாம்.

600 கிராமில் 3,000 கோடி செல்கள். ஒரு மல்லாட்டைப் பருப்பு 0.4 கிராம் என்று வைத்துக்கொண்டால் 125 கிலோவில் 3,12,500 பருப்புகள். வகுத்தால், ஒரு பருப்பின் மேல் சுமார் 96,000 பாக்டீரியாக்கள் ஏறுகின்றன. மண்ணில் ஏற்கெனவே கூட்டமாக இருக்கும் மற்ற கிருமிகளோடு போட்டி போட்டு வேருக்குள் நுழைய அந்தப் படை வேண்டும். இப்போது அந்தப் பாக்கெட் வெயிலில் கிடந்து, ஆயிரத்துக்கு ஒன்று மட்டும் உயிரோடு தப்பியது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பருப்புக்கு 96. நிறம் அதே கருப்புதான், எடை அதே 200 கிராம்தான், விலையும் அதேதான்! யூரியா மூட்டையில் ஓட்டை விழுந்தால் கண்ணுக்குத் தெரியும். இதில் எதுவும் தெரியாது.

இது கற்பனைக் கணக்கு மட்டுமல்ல என்பதால்தான் எழுதுகிறேன். போன மார்கழிப் பட்டத்துக்கு டெப்போவில் இருப்பு இல்லை என்றதால், பக்கத்து ஊர்க் கடை ஒன்றில் அப்பா இரண்டு பாக்கெட் வாங்கி வந்தார். தகரக் கூரைக் கடை. கண்ணாடி ஷோகேஸில், களைக்கொல்லி பாட்டில்களுக்குப் பக்கத்தில், மத்தியானம் முழுக்க வெயில் விழும் தட்டில் அடுக்கி வைத்திருந்ததை நானே பிறகு போய்ப் பார்த்தேன். காலாவதி தேதி அச்சிட்ட இடம் தேய்ந்திருந்தது. கேட்டதற்கு, "தம்பி, இது கெட்டுப்போற பொருளா? இட்லி மாவா என்ன?" என்று கடைக்காரர் சிரித்தார். அவர் அறியாமல் உண்மையைத்தான் சொன்னார். அது இட்லி மாவு மாதிரிதான். உள்ளே இருப்பதும் உயிர், அதற்கும் சூடு ஆகாது. 25 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்தால் சுமார் ஆறு மாதம் தாங்குவது, 40ஐத் தாண்டினால் வெகு வேகமாக மடியும்.

40ஆம் நாள் எங்கள் கொல்லையில் பத்துச் செடி தோண்டினேன். முடிச்சுகள் குறைவு, வெட்டிய பெரும்பாலானவை வெள்ளை. டெப்போவில் முன்கூட்டியே வாங்கி, தண்ணீர்ப் பானையடியில் வைத்திருந்த சித்தப்பா கொல்லையில் முடிச்சு நெருக்கமாக, சிவப்பாக இருந்தது. "பார்த்தியா, கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று அப்பா கோபப்பட்டார். ஆனால் லேப் ரெக்கார்டு எழுதிப் பழகிய கை சும்மா இருக்குமா? சித்தப்பா கொல்லை செம்மண், எங்களுடையது கொஞ்சம் களி. அவர் அதற்கு முந்தின போகத்தில் உளுந்து போட்டவர், நாங்கள் கம்பு போட்டோம். உளுந்து போட்ட மண்ணில் அந்த வகை ரைசோபியம் ஏற்கெனவே ஏராளமாக இருக்கும். பாக்கெட்டே போடாவிட்டாலும் அவருக்கு முடிச்சு வந்திருக்கலாம். ஆகவே கடைக்காரரைக் குற்றவாளி என்று தீர்ப்பு எழுத என்னிடம் ஆதாரம் போதாது. சந்தேகப்பட மட்டும் போதும்.

இந்த இடம்தான் உயிர் உர விஷயத்தில் நம்மவர்கள் பலரும் தடுக்கி விழும் இடம் என்பது என் கருத்து. ஒரு வருடம் பலன் தெரிந்தால் "அற்புதம்" என்கிறோம். தெரியாவிட்டால் "எல்லாம் ஏமாத்து வேலை" என்கிறோம். பாக்கெட்டில் உயிர் இருந்ததா, மண்ணில் முன்பே பாக்டீரியா இருந்ததா, யூரியா எவ்வளவு போட்டோம் என்ற மூன்றையும் பார்க்காமல் சொல்லும் இரண்டு பேச்சும் ஒன்றுதான். பயறு வகையையே பார்க்காத நிலத்தில் ரைசோபியம் பளிச்சென்று பலன் காட்டும். வருடா வருடம் மல்லாட்டையும் உளுந்தும் பார்க்கிற நிலத்தில் வித்தியாசம் குறைவாக இருக்கலாம். அதைச் சொல்லாமல் விளம்பரம் செய்வது உயிர் உரத்துக்கே கெடுதல்.

பாக்கெட் வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றை வீட்டில் சொல்லி வையுங்கள். பயிரின் பெயர், தயாரித்த தேதி, காலாவதி தேதி மூன்றும் தெளிவாக இருக்கட்டும். தொட்டால் தூள் சற்று ஈரமாக இருக்க வேண்டும், வறண்டு கட்டியாகியிருந்தால் வேண்டாம். பஸ்ஸில் வரும்போது இன்ஜின் பெட்டி மேல் வைக்காதீர்கள். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லாவிட்டால் ஒரு புது மண்பானையை ஈர மணலில் புதைத்து, வாயை ஈரத்துணியால் மூடி, பாக்கெட்டைத் தண்ணீர் படாமல் உள்ளே வையுங்கள். ஆவியாதல் குளிர்ச்சி என்று நாம் படித்ததுதான். எங்கள் வீட்டில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்ததில், வெளியே 37 இருந்தபோது பானைக்குள் 29 காட்டியது. திரவ உயிர் உரம் கிடைத்தால் இன்னும் நல்லது, தூளைவிட அதிக நாள் தாங்கும்.

தொட்டிச் சோதனை

வாங்கிய பாக்கெட்டில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க மைக்ராஸ்கோப் தேவையில்லை. 9 பழைய பெயிண்ட் டப்பா போதும். அடியில் ஓட்டை போட்டு, ஒரே இடத்து மண்ணைச் சலித்து, சம எடையாக நிரப்புங்கள். கடந்த சில ஆண்டுகளாகப் பயறு வகை விளையாத இடத்து மண்ணாக இருந்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். யூரியா போடக் கூடாது. மருந்து கலக்காத மல்லாட்டை விதை வேண்டும்.

முதல் 3 டப்பாவுக்குக் கஞ்சியில் குழைத்த ரைசோபியம் தடவிய விதை. அடுத்த 3 டப்பாவுக்கு அதே பாக்கெட்டில் ஒரு கரண்டி தூளை எவர்சில்வர் டம்ளரில் போட்டு, குக்கரில் அரைமணி நேரம் வேக வைத்து, நன்றாக ஆற வைத்துக் கஞ்சியில் குழைத்துத் தடவிய விதை. கடைசி 3க்கு வெறும் கஞ்சி மட்டும். நடுவில் உள்ள வெந்த தூள்தான் இந்தச் சோதனையின் உயிர்நாடி. நிலக்கரி, சுண்ணாம்பு, கஞ்சி எல்லாம் அதிலும் உண்டு, உயிர் மட்டும் கிடையாது. ஆகவே முதல் வரிசைக்கும் நடு வரிசைக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க முழுக்க பாக்டீரியாவின் கணக்கில் சேரும். வித்தியாசமே இல்லையென்றால் பாக்கெட் செத்தது, அல்லது மண்ணிலேயே போதிய பாக்டீரியா இருக்கிறது. எது என்று மூன்றாவது வரிசை சொல்லும். அதில் முடிச்சு நிறைய இருந்தால் காரணம் மண். அதிலும் இல்லையென்றால் காரணம் பாக்கெட். விதைக்கும்போது வெறும் கஞ்சி விதையை முதலிலும், வெந்த தூள் விதையை அடுத்தும், உயிருள்ளதைக் கடைசியிலும் தொடுங்கள். மாற்றித் தொட்டால் கை வழியாகவே பாக்டீரியா எல்லாத் தொட்டிக்கும் போய்விடும். தண்ணீர் ஊற்றும்போது ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தெறிக்கக் கூடாது.

40ஆம் நாள் டப்பாவைத் தண்ணீரில் அமிழ்த்தி, வேர் அறுபடாமல் செடியை எடுத்து, முடிச்சை எண்ணி, வெட்டி, சிவப்பு எத்தனை வெள்ளை எத்தனை என்று தனித்தனியே குறிக்க வேண்டும். பிறகு செடியைக் காய வைத்து எடை போட வேண்டும். பிசிக்ஸ் லேப் தராசு தருவதாக சார் சொல்லியிருக்கிறார்.

இதே முறையில் 9 டப்பாக்கள் நம் வொர்க்‌ஷாப் பின்புறச் சுவரோரம் வரிசையாக இருக்கின்றன. சிவப்புப் பெயிண்ட் அடித்த எண்கள் போட்டிருக்கும். எந்த எண் எந்த வரிசை என்பது என் ரூம்மேட்டுக்கு மட்டும் தெரியும், எண்ணி முடிக்கும் வரை எனக்கும் சொல்ல மாட்டான், அப்படித்தான் பேச்சு. இதை எழுதும் இன்று 27ஆம் நாள். 4ஆம் எண் டப்பாவில் ஒரு செடியை ஆடு மேய்ந்துவிட்டது, மற்றவை நலம். 40ஆம் நாள் சனிக்கிழமையில் வருகிறது, மத்தியானம் 2 மணிக்கு எண்ணத் தொடங்குகிறோம். பழைய பிளேடு இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள்.